மெதுவான டிஸ்க்கே போதும் என்றேன்

போன மாதம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

நேரு வீதிக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிற சின்னக் கடை. கடைக்காரர் பெயர் குமரன். என் மனைவி மதலேனின் பழைய லேப்டாப்பைப் பிரித்துப் போட்டுவிட்டு, கண்ணாடி மேஜைமேல் இரண்டு பெட்டிகளை வைத்தார். ஒன்று கையில் எடுத்தால் கனமாக இருக்கிறது. இன்னொன்று கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆனால் காலி சோப்பு டப்பா மாதிரி எடையே இல்லை.

"இது ஹார்ட் டிஸ்க் சார். உள்ள தட்டு சுத்தும். எடம் நெறைய. ஆனா ஸ்லோ. இது எஸ்எஸ்டி. எடம் கம்மி. பட்டனைத் தட்டுனா பட்டுனு ஓப்பன் ஆயிடும். எது வோணும்?"

"ஸ்லோவே குடுங்க தம்பி."

குமரன் நிமிர்ந்தார். மதலேன் என் பக்கம் திரும்பினாள்.

"சார், சுத்துறதுலயே ரெண்டு இருக்குது. ஒண்ணு நிமிஷத்துக்கு ஏழாயிரத்து எரநூறு சுத்து. இன்னொண்ணு அஞ்சாயிரத்து நானூறு..."

"அதுலயும் மெதுவா சுத்துறதுதான் வோணும்."

"யாரும் ஸ்லோ குடுங்கன்னு கேட்டு வாங்குறது இல்ல சார். நீங்கதான் மொத ஆளு."

"எல்லாத்துலயும் நான் மொத ஆளுதான்" என்றேன்.

பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொன்னேன். பெருமைப்பட எனக்கு உரிமை இருக்கிறதா, இல்லையா? புதிதாக இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காக ஒரு வரி: ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவன் நான். பஞ்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, ஆலை மூடியதும் முதலியார்பேட்டையில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை போட்டேன். இந்த ஊரில் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார்களில் பாதிக்கு மேல் என் கைபட்டவை. மீதி, கெட்டுப்போகாதவை. போன வாரம் மோட்டார் வாங்குவது எப்படி என்று எழுதியதற்கு எத்தனை பேர் போன் செய்தீர்கள்! ஆக, சுற்றுகிற பொருள் எதுவாக இருந்தாலும் அதைப் பற்றிப் பேச எனக்கு லைசென்ஸ் உண்டு.

அன்று கடையில் பேசினேன். நன்றாகவே பேசினேன்.

நிமிஷத்துக்கு ஆயிரத்து நானூற்று நாற்பது சுற்று சுற்றுகிற மோட்டார் இருக்கிறது. அதைவிட இரண்டு மடங்கு சுற்றுகிற மோட்டாரும் இருக்கிறது. எதில் பேரிங் முதலில் போகும்? வேகமானதில். எது சூடாகும்? வேகமானது. எது அதிரும்? அதுவேதான். மேஜையில் இருக்கிற பெரிய கம்ப்யூட்டருக்குக் காற்று போக வழி இருக்கிறது. லேப்டாப்புக்குள் விரல் நுழைய இடம் இல்லை. அதற்குள் வேகமாகச் சுற்றுகிற ஒன்றை வைத்தால் சூடு எங்கே போகும்? பேட்டரி என்ன ஆகும்?

"அது கரெக்ட்டுதான் சார்" என்றார் குமரன். "ஆனா எஸ்எஸ்டியில சுத்துற சமாச்சாரமே இல்லியே. சூடு கம்மி. பேட்டரியும் நிக்கும்."

"சாவறப்ப சத்தம் குடுக்குமா?"

"இன்னாது?"

"சுத்துற பொருளு சாவறதுக்கு முன்ன சத்தம் குடுக்கும் தம்பி. கிர்ருங்கும், டிக்குடிக்குங்கும். நாம உஷாராயிடலாம். இது?"

குமரன் தலையைச் சொறிந்தார். "இது... போனா சொல்லாமத்தான் போவும் சார். சில நேரம் உள்ள இருக்குறதைக்கூட எடுக்க முடியாது."

"பாத்தியா?" என்றேன் மதலேனிடம்.

பழைய டிஸ்க் போகப்போகிறது என்பதைக் கண்டுபிடித்ததே நான்தான். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் - ஓடுகிற மோட்டார் மேல் ஸ்க்ரூ டிரைவரின் முனையை வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்போம். பேரிங் என்ன சொல்கிறது என்று தெளிவாகக் கேட்கும். டாக்டர் நெஞ்சில் குழாய் வைக்கிற மாதிரி. அப்படித்தான் லேப்டாப்பின் அடியிலும் வைத்துக் கேட்டேன். டிக்... டிக்... கிர்ர்ர்... "இன்னும் கொஞ்ச நாளுதான்" என்றேன். குமரனும் தன் மெஷினில் போட்டுப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். நல்லவேளையாக உள்ளே இருந்ததை எல்லாம் எடுக்க முடிந்தது.

மதலேன் கொஞ்ச நேரம் எடையில்லாத பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு மேஜைமேல் வைத்துவிட்டாள்.

"எனக்கு வேகமா இருந்தா நல்லாருக்கும்னு தோணிச்சு. ஆனா மிஷின் விஷயம் உங்களுக்குத்தான் தெரியும். நீங்க சொல்றதையே போட்டுடலாம்."

பழைய ஸ்டாக்கில் கிடந்த ஒரே ஒரு அஞ்சாயிரத்து நானூறைத் தூசு தட்டி எடுத்துக் கொடுத்தார் குமரன். ஜெயித்துவிட்டேன்.

ஆனால் கடையில் நான் சொல்லாத ஒரு காரணம் இருந்தது. உங்களிடம் சொல்கிறேன்.

மதலேன் ஸ்கூல் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். பிரெஞ்சு வகுப்பு எடுத்தாள். அவள் ஸ்கூலில் பம்ப் மோட்டார் கெட்டுப்போனதால்தான் எனக்குக் கல்யாணமே ஆனது. அந்தக் கதையை முன்பே எழுதிவிட்டேன், திரும்பச் சொன்னால் திட்டுவாள். இப்போது வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு செய்கிறாள். நம் ஊரில் பிரான்சோடு சம்பந்தம் உள்ள வீடுகள் எத்தனை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிறப்புச் சான்று, கல்யாணச் சான்று, பென்ஷன்காரர் உயிரோடுதான் இருக்கிறார் என்கிற சான்று... எல்லாவற்றுக்கும் பிரெஞ்சு வேண்டும். ஆட்கள் அவளைத் தேடி வருகிறார்கள்.

இவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ஸ்கூல் இருந்த காலத்தில் ஸ்கூல். பிள்ளைகள் இருந்தபோது பிள்ளைகள். ஞாயிறு ஆனால் கோயில் கொயரில் பாட்டு. நடுவில் சமையல். எதிரே போனால் "தள்ளுங்க" என்பாள். பின்னால் போனால் "அப்புறம் பேசலாம்" என்பாள். அந்த அப்புறம் வந்ததே இல்லை.

லேப்டாப் கெட ஆரம்பித்ததும்தான் வந்தது.

காலையில் அவள் பட்டனை அழுத்துவாள். திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். சுற்றும், சுற்றும்... அதன் எதிரே உட்கார்ந்திருந்தால் ரத்தக் கொதிப்புதான் ஏறும். எனவே காபி டம்ளரை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் வருவாள். அங்கே தொட்டி மோட்டாருக்குப் பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஒன்றில் நான். இன்னொன்று எப்போதும் காலியாகத்தான் கிடக்கும், ஈரத் துண்டு போட. துண்டை எடுத்துவிட்டு அதில் உட்காருவாள்.

கால் மணி நேரம்.

என்ன பேசினோம்? ஒன்றும் இல்லை. கொயரில் யார் சுருதி விட்டார்கள். முருங்கையில் ஏன் பூ உதிர்கிறது. பெங்களூரில் இருக்கிற மகள் ஏன் போனில் இருமினாள். ஒரு நாள் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இந்தப் பச்ச எனக்குப் புடிக்கவே புடிக்காது."

"நாலு தபா இதே கலருதான அடிச்சிருக்கேன்?"

"நாலு தபாவும் புடிக்கல."

"சொல்லியிருக்கலாம்ல?"

"எப்ப சொல்றது? நீங்க கடைக்குப் போயிடுவீங்க, நான் ஸ்கூலுக்குப் போயிடுவேன்."

ஒரே வீட்டில் இருந்துகொண்டு, சுவரின் நிறம் அவளுக்குப் பிடிக்காது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு கெட்டுப்போன டிஸ்க் தேவைப்பட்டது. சொல்லுங்கள் - பட்டனைத் தட்டினால் பட்டென்று திறக்கிற ஒன்றை நான் எப்படி வாங்க முடியும்? அது டிஸ்க் இல்லை... அவள் நாற்காலியை மறுபடியும் துண்டுக்குக் கொடுக்கிற ஏற்பாடு.

எனவேதான் ஸ்லோ.

புது டிஸ்க் என் நம்பிக்கையைக் கொஞ்சம் குறைத்தது. மெதுவானதாக இருந்தாலும் புதிது அல்லவா? கால் மணி நேரம் எடுக்கவில்லை. ஆனால் காபி குடித்து முடிக்கிற அளவுக்குத் தாமதித்தது. அதுவே போதும் என்று நினைத்தேன். காலையில் வந்தாள், உட்கார்ந்தாள், பேசினாள். நான் எவ்வளவு கெட்டிக்காரன்!

தவளக்குப்பத்திலிருந்து ஒரு அம்மா வருகிறவரைக்கும்.

அந்த அம்மாவுக்கு மகன் பிரான்சில் இருக்கிறார். கட்டிக்கொண்டது பிரெஞ்சுப் பெண்ணை. பேரப்பிள்ளையின் பேப்பர் விஷயமாக அப்பா வழிப் பெயர்களை எல்லாம் சரிபார்க்க வேண்டும். மகன் வேலைக்குப் போய்விட்டதால் மருமகள்தான் லேப்டாப்பில் வீடியோவில் வந்தார். இந்தப் பக்கம் மாமியாருக்குத் தமிழ் மட்டும். அந்தப் பக்கம் மருமகளுக்குப் பிரெஞ்சு மட்டும். நடுவில் மதலேன்.

நான் அதே ஹாலில் ஃபேன் ஒன்றைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"டீச்சரம்மா, எம் பையன் ஒழுங்கா சாப்புடுறானான்னு கேளுங்க மொதல்ல" என்றார் அந்த அம்மா.

மதலேன் கேட்டாள். திரையில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார்.

"அதிகமாவே சாப்புடுறாராம். குறைக்கச் சொல்லி நீங்க ஒரு வார்த்த சொல்லணுமாம்."

"ஐயே! கொறைக்கச் சொல்றதா? நான் அதச் சொல்லமாட்டேன், சொல்லிடுங்க அவகிட்ட."

எல்லோரும் சிரித்தார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பெயர்களைச் சரிபார்க்க மதலேன் சான்றிதழைத் திறந்தாள். திரை நின்றது. பிரெஞ்சு மருமகள் பாதி வாய் திறந்தபடி அப்படியே உறைந்துபோனார். வட்டம் சுற்றியது. குரல் மட்டும் விட்டுவிட்டு வந்தது.

"பர்தோன் மதாம்" என்றாள் மதலேன். "பர்தோன்... பர்தோன்..."

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் இந்த ஊரில் பிறந்தவனுக்கு அந்த வார்த்தை தெரியாமல் இருக்குமா? மன்னிச்சிடுங்க என்கிறாள். மறுபடியும் படம் வந்தது. மறுபடியும் சான்றிதழைத் தொட்டாள். மறுபடியும் நின்றது. "பர்தோன் மதாம்..." குரல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இறங்கியது.

வகுப்பில் நுழைந்தால் பிள்ளைகள் எல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டு எழுந்து நிற்பார்களாம். அப்படிப்பட்டவள் தலையைக் குனிந்துகொண்டு, சுற்றுகிற வட்டத்திடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் லைன் போய்விட்டது. "நாளைக்குப் பாத்துக்கலாம் டீச்சரம்மா" என்று அந்த அம்மா எழுந்தார். நல்ல மனுஷி. குறை சொல்லவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது மட்டும், "மிசினு சரியில்ல போலருக்கு. வேற எங்கனா சென்டர்ல வச்சிப் பேசிக்கட்டுமா?" என்றார்.

மதலேன் உள்ளே வந்து என்னைப் பார்த்தாள்.

"டிஸ்க் புதுசுதானே? நான்தான் ஏதோ தப்பா அமுக்குறேன் போலிருக்கு."

கையில் இருந்த ஸ்க்ரூவை எந்த ஓட்டையில் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் என்னை நம்பியிருக்கிறாள். மெஷின் மேல் சந்தேகம் வந்தால் நான் சொன்னதன் மேல் சந்தேகம் வரும் அல்லவா? அதற்கு இடம் கொடுக்காமல் தன் மேலேயே சந்தேகப்படுகிறாள். நான் கால் மணி நேரத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். அதற்கான பில் அவள் மேஜைக்குப் போய்க்கொண்டிருந்தது.

அன்று சாயந்திரமே லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

"இன்னா சார், சத்தம் குடுக்குதா?" என்றார் குமரன்.

"வேகமானதையே போடுங்க தம்பி."

"அன்னிக்கே சொன்னேன்ல?"

"அன்னிக்கு நீங்க சொன்னதும் சரி. நான் சொன்னதும் சரி. போடுங்க."

வாங்கிய டிஸ்க்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். ஆனால் அதற்கு ஒரு உறை போட்டு, வெளியிலிருந்து ஒயரில் செருகுகிற மாதிரி செய்து கொடுத்தார். பழைய போட்டோ, முடிந்துபோன வேலை எல்லாவற்றையும் அதில் போட்டு வைத்துக்கொள்ளலாம். வேலை செய்ய வேகமானது, பத்திரப்படுத்த மெதுவானது. நீங்களும் லேப்டாப்புக்கு டிஸ்க் மாற்றுவதாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது, உங்களுக்கு இலவசம்.

வீட்டுக்கு வந்து மதலேன் முன்னால் வைத்தேன். பட்டனைத் தட்டினாள். வட்டம் வந்தது... போய்விட்டது. அவ்வளவுதான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் எல்லாம் தயார்.

"ஐயோ!" என்றாள். பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி முகம்.

நான் பழக்கதோஷத்தில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து லேப்டாப்பின் ஓரத்தில் வைத்துக் காதைக் கொடுத்தேன். சத்தமே இல்லை. கொஞ்சம் தள்ளி வைத்தேன். ம்ஹூம்.

"ஓடல" என்றேன்.

"இன்னா ஓடல?"

"உள்ள ஒண்ணும் ஓடல. செத்துக் கெடக்குது. நாளைக்கு எடுத்துட்டுப் போயி..."

"நான் ஒரு பக்கம் டைப் அடிச்சு முடிச்சிட்டேன். தள்ளுங்க."

சுற்றாததுதான் வேகமாம்! வாழ்நாள் முழுக்கச் சுற்றுகிறவற்றோடு குடும்பம் நடத்தினவனுக்கு இதை ஜீரணிக்கக் கொஞ்ச நாள் பிடிக்கும். குமரன் சொன்னது: பழையதில் ஒரு தட்டு சுற்றவேண்டும், ஒரு கை நகர்ந்து போய்த் தேடவேண்டும், அதனால் நேரமாகிறது. புதியதில் எதுவும் எங்கேயும் ஓட வேண்டியதில்லை. இருந்த இடத்திலேயே எடுத்துக் கொடுத்துவிடும்.

மறுநாளே அந்தத் தவளக்குப்பத்து அம்மா வந்தார். பெயர்களை எல்லாம் ஒரே மூச்சில் பார்த்து முடித்தாயிற்று. மாமியாரும் மருமகளும் மிச்ச நேரம் எல்லாம் அந்தப் பையனின் வயிற்றைப் பற்றியே பேசினார்கள். மதலேனின் தலை நிமிர்ந்தே இருந்தது. ஒரு பர்தோன்கூட இல்லை.

எல்லாம் சுபம். காலை நேரத்தைத் தவிர.

காலையில் பட்டனைத் தட்டுவாள். உடனே திறக்கும். உடனே உட்கார்ந்துவிடுவாள். காபியும் அங்கேயே. நான் பின்பக்கம் தொட்டி மோட்டாரோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஈரத் துண்டு.

எனக்கு ஒரு யோசனை ஓடிக்கொண்டே இருந்தது. இந்த உலகத்தில் எல்லாம் வேகமாகிக்கொண்டே போகிறது, சரி. மிச்சமாகிற நேரம் எங்கே போகிறது? ஈசிஆரில் காலாப்பட்டு பக்கம் ஒருவன் என் ஸ்கூட்டரை உரசாத குறையாகப் பறந்து போகிறான். அடுத்த சிக்னலில் பார்த்தால் என் பக்கத்திலேயே நிற்கிறான். மிச்சம் பிடித்ததை எல்லாம் சிவப்பு விளக்கில் செலவழிக்கிறான். மதலேனுக்கு மிச்சமான கால் மணி நேரத்தில் இன்னொரு சான்றிதழ் வந்து உட்கார்ந்துகொண்டது. நேரம் மிச்சமானால் நாற்காலி தானாக நிரம்பும் என்று யார் சொன்னது?

அப்போதுதான் உறைத்தது. பட்டுப்போன அந்தப் பழைய டிஸ்க், நான் செய்ய வேண்டிய வேலையை எனக்குப் பதிலாகச் செய்துகொண்டிருந்தது. அவளைக் கூப்பிட்டு உட்காரவைக்கிற வேலை. ஊர் முழுக்க மோட்டாருக்கு உயிர் கொடுத்தவன், இதை மட்டும் ஒரு ரிப்பேர் சாமானிடம் விட்டுவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை எழுந்து போய் அவள் அறை வாசலில் நின்றேன்.

"மதலேன்."

"ம்?"

"கொஞ்சம் வந்து உக்காரேன்."

டைப் அடிக்கிற சத்தம் நின்றது. திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா... ஒடம்பு சரியில்லியா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"பெங்களூர்லேந்து போன் வந்துதா? பாப்பாவுக்கு எதனா...?"

"ஒண்ணும் இல்ல. சும்மா உக்காரச் சொன்னேன்."

காபி டம்ளரோடு நம்பாமலேதான் வந்தாள். நான் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகும் எதற்கோ காத்திருப்பவள் மாதிரி என் முகத்தையே பார்த்தாள். வேறு வழியில்லை. கடையில் சொல்லாத காரணத்தைச் சொல்லிவிட்டேன். முழுசாக.

டம்ளரை மடியில் இறக்கி வைத்தாள்.

"அப்போ அந்தச் சூடு, பேரிங்கு, சாவறப்ப சத்தம் குடுக்கும்னு சொன்னது... எல்லாம் பொய்யா?"

"பொய் இல்ல. எல்லாம் நெசம்தான். காரணம்தான் வேற."

"அன்னிக்கு முழுக்க நான்தான் தப்பா அமுக்குறேன்னு நெனச்சுட்டு இருந்தேன், தெரியுமா?"

"தெரியும். அதான் ஓடிப் போயி மாத்துனேன்."

கோபம் இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். காபியை ஒரு வாய் குடித்தாள். முருங்கையைப் பார்த்தாள்.

"உக்காருன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு உங்களுக்கு ரெண்டு டிஸ்க் செலவாயிருக்குது."

"ஒண்ணு வீணாவல. அதுல போட்டோ வச்சுக்கலாம்னு குமரன் சொன்னாரு."

சிரித்துவிட்டாள். பிறகு சுவரைக் காட்டினாள். "இத மொதல்ல மாத்துங்க."

"எந்தக் கலரு?"

அது ஒரு பெரிய பேச்சாகப் போனது. மஞ்சளா, வெள்ளையா... வெள்ளை அடித்தால் மழைக்குப் பாசி பிடிக்குமா, பிடிக்காதா... கடற்கரைப் பக்கத்து வீடுகளில் அடிக்கிற மஞ்சள் நம் வீட்டுக்கு எடுக்குமா... இன்னும் முடிவாகவில்லை. முடிவாகாமல் நானும் பார்த்துக்கொள்கிறேன்.

உள்ளே லேப்டாப் எப்போதோ தயாராகிக் காத்துக்கொண்டிருந்தது.

காத்திருக்கட்டும்... வேகமான டிஸ்க்தானே, ஓடிப் பிடித்துக்கொள்ளும்!